வைன் மவுன் நெடுங்கற்களும் ஸ்டோன்ஹெஞ்ச் கருதுகோளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வேல்ஸின் தென்மேற்கே, பெம்புரோக்‌ஷயரின் வடபகுதியில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் பிரெசெலி குன்றுத்தொடர் உயரத்தால் பெயர் பெற்றதன்று. அதன் உச்சியான வோயல் கும்கெர்வின் கடல்மட்டத்திலிருந்து 536 மீட்டர்தான். ஆயினும் மரங்கள் அருகிக் காற்றுக்குத் திறந்து கிடக்கும் அந்த மேட்டுநிலத்தில், ஆடுகள் மேயும் முரட்டுப் புல்லுக்கும் கருநிறச் சதுப்பு மண்ணுக்கும் இடையே, நெடுங்கற்களும் கல்வட்டங்களும் ஈமக் கற்குவைகளும் அடுத்தடுத்துத் தென்படுகின்றன. பெரிய மூடுகல்லைத் தாங்கி நிற்கும் பென்ட்ரே ஐவன் கல்லறையைக் காண நெடுங்காலமாகவே மக்கள் வருகிறார்கள். அதே குன்றுகளின் வடசரிவில் உள்ள வைன் மவுன் என்னும் இடம் அந்த அளவுக்கு அறியப்பட்டதன்று. அங்கே புல்லுக்கு மேலே தெரிபவை நான்கு கற்கள். ஒன்று நிற்கிறது, மூன்று விழுந்து கிடக்கின்றன. நான்கையும் ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால் அந்தக் கோடு மெல்ல வளைகிறது.

இந்த வளைவு ஒரு பழைய கல்வட்டத்தின் எச்சம் என்றும், அவ்வட்டத்தின் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்த்தான் ஏறத்தாழ 240 கி.மீ. தொலைவில், தென் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில், புகழ்பெற்ற பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் முதற்கட்டம் எழுப்பப்பட்டிருக்கலாம் என்றும் 2021 பிப்ரவரியில் ஒரு கருதுகோள் முன்வைக்கப்பட்டது. உலகெங்கும் செய்தியான அந்தக் கருதுகோள், அடுத்த ஆண்டே பாறை வேதியியலின் சோதனைக்கு ஆட்பட்டு அதன் மிக முக்கியமான ஊன்றுகோலை இழந்தது. கருதுகோள் எந்தச் சான்றுகளால் கட்டப்பட்டது, அவற்றில் எது எவ்வளவு பாரத்தைத் தாங்கியது, கட்டு அவிழ்ந்த பின் அந்த மேட்டுநிலத்துக் கற்களைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது எது என்பனவே இந்த ஆய்வின் பொருள். ஸ்டோன்ஹெஞ்சுடன் இருந்ததாகக் கருதப்பட்ட தொடர்பு விலகியதால் வைன் மவுன் சிறுமைப்பட்டதாகப் பலர் எழுதிவிட்டனர். இன்னொன்றின் முன்கதை என்ற சுமையிலிருந்து அது விடுபட்டதை ஓர் ஆதாயமாகவே நான் கருதுகிறேன். அதற்கான காரணங்களைக் கீழே தருகிறேன்.

கருதுகோள் முளைத்த நிலம்

ஸ்டோன்ஹெஞ்சின் மாபெரும் மணற்கற்களுக்கு நடுவே, அவற்றைவிடச் சிறிய, வேற்றுநிலத்துப் பாறைகளாலான கற்கள் உள்ளன. நீலக்கற்கள் என்று பொதுவாக அழைக்கப்படும் இவற்றில் பெரும்பாலானவை டாலரைட், ரையோலைட் போன்ற தீப்பாறைகள்; சாலிஸ்பரி சமவெளியின் சுண்ணப்பாறை நிலத்தில் இவை இயல்பாகக் கிடைப்பதில்லை. பிரிட்டனின் நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஹென்றி தாமஸ், புள்ளி பொதிந்த டாலரைட்டின் மெல்லிய வெட்டுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவை பிரெசெலி குன்றுகளிலிருந்து வந்தவை என்று 1923இல் வெளியிட்டார். பிற்கால நிலவியலாளர் அவர் சுட்டிய குன்றுமுடிகளைத் திருத்தினாலும், பிரெசெலி என்ற முடிவு நூறாண்டுக்குப் பின்னும் நிற்கிறது.

கற்கள் அங்கிருந்து எப்படி வந்தன என்பதில்தான் கருத்து மாறுபாடு. பனியாறுகள் அவற்றைக் கிழக்கு நோக்கி இழுத்துவந்து போட்டிருக்கலாம் என வாதிடுவோர் இன்றும் உள்ளனர். மனிதரே கொண்டுவந்தனர் என்னும் தரப்புக்கு 2011 முதல் வலுச் சேர்ந்தது. நிலவியலாளர்களான ரிச்சர்ட் பெவின்ஸும் ராப் ஐக்சரும் ஸ்டோன்ஹெஞ்சில் கிடந்த ரையோலைட் சில்லுகளைக் கிரைக் ரோசவெலின் என்னும் பாறை முகட்டுடன் பொருத்திக் காட்டினர். புள்ளி டாலரைட்டின் முதன்மை ஊற்றாகக் கார்ன் கொய்டோக் அடையாளம் காணப்பட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொல்லியலாளர் மைக் பார்க்கர் பியர்சன் தலைமையிலான குழு இரண்டு இடங்களிலும் அகழ்ந்து, புதிய கற்காலத்தில் தூண்கற்கள் உடைத்தெடுக்கப்பட்டதற்கான தடயங்கள் கிடைத்ததாக அறிவித்தது. அவ்விரு இடங்களும் வைன் மவுனிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன.

இத்துடன் வேறு இரண்டு இழைகளும் சேர்ந்தன. ஒன்று, 2018இல் வெளியான ஸ்ட்ரான்ஷியம் ஓரிடத்தான் ஆய்வு; எலும்பில் சேர்ந்த இத்தனிமத்தின் வகைகளைக் கொண்டு ஒருவர் எந்த நிலத்தில் வாழ்ந்தார் என்று மதிப்பிடும் முறை அது. ஸ்டோன்ஹெஞ்சில் எரியூட்டிப் புதைக்கப்பட்ட 25 பேரின் எலும்புகளைச் சோதித்ததில், 10 பேர் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அந்தச் சுண்ணநிலத்துக்கு வெளியே வாழ்ந்தவர் என்றும், அவர்களின் அளவுகள் மேற்கு வேல்ஸ் நிலத்துக்கும் பொருந்தி வருகின்றன என்றும் அது கண்டது. மற்றொன்று, 12ஆம் நூற்றாண்டில் மன்மவுத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி எழுதிவைத்த பழங்கதை. அயர்லாந்தின் ஒரு மலையில் நின்ற அரக்கர் கல்வட்டத்தை மந்திரவாதி மெர்லின் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தான் என்பது கதை. நிகழ்ச்சிக்குச் சுமார் 4,000 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட கதையைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ‘முன்பே நின்ற ஒரு வட்டத்தைத் தேடுவோம்’ என்ற எண்ணத்துக்கு அது உரமிட்டது. வேல்ஸில் சுரங்கம் உண்டு, மக்கள் வந்ததற்குக் குறி உண்டு, கதையும் உண்டு. இடையில் இல்லாதது அந்த வட்டம் ஒன்றுதான். இப்படி ஒரு வெற்றிடம் முன்கூட்டியே வடிவெடுத்துவிட்டால், அதில் பொருந்தக்கூடிய எதுவும் தேவைக்கு மேல் பொருந்தியதாகத் தோன்றும் ஆபத்து எப்போதும் உண்டு.

மண்ணுக்குள் கிடைத்தவை

வைன் மவுனில் கருவிகளைக் கொண்டு நிலத்தைத் துழாவிய தொடக்க முயற்சி பயன் தரவில்லை. காந்த அளவீடும் மண்ணின் மின்தடை அளவீடும் மறைந்த குழிகள் எதையும் காட்டாததால், குழு வேறு இடங்களுக்குத் தேடலைத் திருப்பியது. 2017இல் திரும்பி வந்து, கல்வரிசையின் இரு முனைகளிலும் மண்வெட்டியும் கரண்டியும் கொண்டு நேரடியாகத் தோண்டியபோதுதான் கல் நின்று பெயர்க்கப்பட்ட வெற்றுக் குழிகள் வெளிப்பட்டன. 2018 அகழாய்வில் மேலும் சில கிடைத்தன. பிரெசெலியின் ஈர மண்ணில் கருவியளவீட்டின் மௌனத்தை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது, இந்த நிகழ்வில் அதிகம் பேசப்படாத ஆனால் உறுதியான ஒரு கண்டுபிடிப்பு.

நெடுங்கல் நின்ற குழி எப்படித் தோற்றமளிக்கும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தேவை. கல்லைச் சாய்த்து இறக்குவதற்கு ஒரு பக்கம் சரிவு வெட்டப்படும். கல் நிமிர்ந்ததும் அது ஆடாமலிருக்கச் சுற்றிலும் சிறு கற்களைச் செருகி இறுக்குவார்கள். பல நூறு கிலோ எடையுள்ள தூண் அடிமண்ணில் அழுந்தி நிற்கும். பின்னொரு நாள் அதைப் பெயர்க்கும்போது குழியின் ஒரு விளிம்பு சிதையும், முட்டுக்கற்கள் நிலைகுலையும், திறந்த பள்ளத்தில் புற்கட்டியும் மேல்மண்ணும் சரிந்து நிறையும். இவற்றில் பலவும் ஒருசேர இருந்தால் அது கல்லின் குழி. ஒரு பள்ளம் மட்டும் இருந்தால் அது வேருக்கோ பனிக்காலத்து உறைவுக்கோ உரியதாகவும் இருக்கலாம். வைன் மவுனில் 91 என்று எண்ணிடப்பட்ட குழி இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதன் தரையில், எடுக்கப்பட்ட கல்லின் அடிப்பகுதி ஐங்கோண வடிவில் பதிந்திருந்தது. குழிக்குள் புள்ளியற்ற டாலரைட்டின் சில்லு ஒன்றும் கிடந்தது.

ஸ்டோன்ஹெஞ்சில் எஞ்சியுள்ள நீலக்கற்களில் புள்ளியற்ற டாலரைட் மிகச் சிலவே. அவற்றுள் 62ஆம் எண் கல்லின் குறுக்குவெட்டு வழக்கத்துக்கு மாறான ஐங்கோண வடிவம் கொண்டது. குழியும் கல்லும் பொருந்துகின்றன, பாறை வகையும் ஒன்றே என்று குழு சுட்டிக்காட்டியது. 2021 பிப்ரவரியில் ‘ஆன்டிக்விட்டி’ என்னும் தொல்லியல் இதழில் வெளிவந்த கட்டுரையின் இதயம் இதுதான். வட்டத்தின் விட்டம் 110 மீட்டர், ஸ்டோன்ஹெஞ்சின் சுற்றகழியின் விட்டமும் ஏறத்தாழ அதுவே. இரண்டின் வாயில்களும் கோடையின் மிக நீண்ட பகலன்று கதிரவன் எழும் திசையை நோக்குகின்றன. வைன் மவுன் கி.மு. 3000 அளவில், ஸ்டோன்ஹெஞ்சின் தொடக்கத்துக்குச் சற்று முன் எழுந்தது என்பன அதன் பிற தூண்கள்.

காலக்கணிப்பு எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். சாலிஸ்பரியின் சுண்ணநிலத்தில் மான்கொம்புகளும் எலும்புகளும் கெடாமல் இருப்பதால் கரிமக் கணிப்புக்குப் பொருள் தாராளம். பிரெசெலியின் அமிலத்தன்மை மிக்க மண் எலும்பைத் தின்றுவிடும், எஞ்சுவது கரித்துண்டுதான். கரித்துண்டோ, கல் நடப்படுவதற்கு ஆயிரமாண்டுகள் முன்பே எரிந்து மண்ணோடு கலந்து கிடந்திருக்கலாம், அல்லது பின்னாளில் வேர்வழியாகவோ புழுவழியாகவோ உள்ளிறங்கியிருக்கலாம். ஆகவே ஒளித்தூண்டல் ஒளிர்வு முறையும் துணைக்கு அழைக்கப்பட்டது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் இருளில் புதைந்திருக்கும்வரை சுற்றுப்புறக் கதிரியக்கத்தின் ஆற்றலைச் சேமிக்கின்றன. வெயில் பட்டதும் சேமிப்பு அழிந்து கணக்கு மீண்டும் தொடங்குகிறது. எனவே ஒரு மணி கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்று ஆய்வகத்தில் மதிப்பிடலாம். ஆனால் இம்முறையின் பிழை எல்லை பெரும்பாலும் பல நூறு ஆண்டுகள். கல் எழுந்ததற்கும் பெயர்க்கப்பட்டதற்கும் இடையே ஒரு தலைமுறைதான் கடந்ததா, பல நூற்றாண்டுகள் கடந்தனவா என்பதைத் தீர்க்க அது போதாது. ‘பெயர்த்த கையோடு எடுத்துச் சென்றனர்’ என்னும் கதைக்கோ அந்தத் துல்லியம்தான் தேவை.

வளைவிலிருந்து விட்டம்

கருதுகோளின் தூண்களில் என்னை முதலிலிருந்தே தயங்கச் செய்தது 110 மீட்டர் என்னும் எண். முழு வட்டம் கிடைத்தால் விட்டத்தை அளக்கலாம். ஒரு வில் மட்டும் கிடைத்தால் விட்டத்தை ஊகிக்கத்தான் முடியும். கணக்கு எளிதானது. வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டை நாண் என்பர்; 40 மீட்டர் நீளமுள்ள ஒரு நாணை எடுத்துக்கொள்வோம். வட்டத்தின் விட்டம் 110 மீட்டரானால், அந்த நாணின் நடுவிலிருந்து வில் ஏறத்தாழ 3.8 மீட்டர் விலகி நிற்கும். விட்டம் 130 மீட்டரானால் அந்த விலகல் ஏறத்தாழ 3.2 மீட்டர். அதாவது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வேறுபாடு விட்டத்தில் 20 மீட்டரை மாற்றிவிடுகிறது. விழுந்து கிடக்கும் கல்லின் அடி முதலில் எங்கே இருந்தது என்பதை முடிவுசெய்வதில் 60 சென்டிமீட்டர் தவறுவது எளிது. குழிகள் கிடைத்தபின் நிலை தெளிவானது உண்மைதான்; அவை வில்லின் நீளத்தையும் கூட்டின. எனினும் சுற்றளவின் சிறு பகுதியிலிருந்து பெறும் விட்டத்துக்கு, ‘இரண்டும் ஒரே அளவு’ என்ற வாக்கியத்தைச் சுமக்கும் வலு இல்லை.

கதிரவன் எழும் திசை பற்றிய வாதமும் இதனோடு கட்டுண்டதே. வட்டத்தின் மையம் எது என்பது தெரிந்தால்தான் மையத்திலிருந்து வாயிலை நோக்கும் திசையைக் கணிக்க முடியும். மையமோ விட்டத்தோடு சேர்ந்து நகர்கிறது. இரண்டு தனித்தனிச் சான்றுகளாக எண்ணப்பட்டவை உண்மையில் ஒரே மதிப்பீட்டின் இரண்டு விளைவுகள்.

ஐங்கோணப் பொருத்தமும் அத்தகையதுதான். பிரெசெலியின் டாலரைட் முகடுகள் உருகிய பாறை குளிர்ந்தபோது உண்டான வெடிப்புகளால் இயற்கையாகவே தூண்தூணாகப் பிளந்து நிற்பவை. கோணமான பக்கங்கள் கொண்ட தூண்கள் அங்கே அரியவையல்ல. குறிப்பிட்ட ஒரு குழிக்குக் குறிப்பிட்ட ஒரு கல்தான் என்று சொல்ல, வடிவத்தைத் தவிர வேறொரு சாட்சி வேண்டும்.

மறைந்த தொல்லியலாளர் டிமத்தி டார்வில், பிரெசெலியில் ஜெஃப்ரி வெய்ன்ரைட்டுடன் சேர்ந்து பல ஆண்டுகள் களப்பணி செய்தவர். 2022இல் அதே ‘ஆன்டிக்விட்டி’ இதழில் மறுப்பு எழுதினார். வைன் மவுனில் முழு வட்டம் ஒன்று இருந்தது என்பதே நிறுவப்படவில்லை என்பதும், ஸ்டோன்ஹெஞ்சின் முதற்கட்டத்தில் நீலக்கற்கள் இருந்தன என்னும் கருத்தே மறுபரிசீலனைக்கு உரியது என்பதும் அவர் வாதம். பார்க்கர் பியர்சன் குழு விடையிறுத்தது. இடையே, 2021 கோடையில் அதே குழு வட்டத்தின் மற்றப் பகுதி இருந்திருக்க வேண்டிய இடங்களில் அகழ்ந்தது. எதிர்பார்த்த குழிகள் அங்கே வரிசையாகக் கிடைக்கவில்லை. வட்டம் தொடங்கப்பட்டு முடிக்கப்படாமல் விடப்பட்டிருக்கலாம் என்பது குழுவின் விளக்கமாயிற்று. முழுமை பெறாத வட்டத்தை ‘பெயர்க்கப்பட்ட வட்டம்’ என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வளைந்த ஒரு கல்வரிசை, அதில் சில கற்கள் பின்னர் அகற்றப்பட்டன என்பதே கிடைத்த குழிகள் அனுமதிக்கும் விவரணை.

பாறையின் சாட்சியம்

முடிவான சோதனை மண்ணிலிருந்து வரவில்லை, கல்லிலிருந்தே வந்தது. டாலரைட் முகடுகள் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். புதிதாக உடைத்த முகம் கரும்பச்சை கலந்த நீலம், மழையில் நாட்பட்ட முகம் பாசி படர்ந்த சாம்பல். ஆனால் ஒவ்வொரு முகடும் உருகிய நிலையில் வந்தபோது தனக்கே உரிய விகிதத்தில் சிர்க்கோனியம், டைட்டானியம் போன்ற தனிமங்களை ஏற்றுக்கொண்டது. அவற்றின் விகிதம் பாறை பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கையடக்க எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியைக் கல்லின்மேல் வைத்தால், அதைக் கீறாமல் உடைக்காமல் இந்த விகிதங்களை அளந்துவிடலாம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் இது பெரிய வரம். வானிலையால் அரிக்கப்பட்ட மேற்பரப்பு அளவைப் பிறழச் செய்யும் என்பதால் ஒரே கல்லில் பல இடங்களில் அளந்து சராசரி காண்பதும், ஆய்வகப் பகுப்பாய்வோடு ஒப்பிடுவதும் வழக்கம்.

பெவின்ஸ், நிக் பியர்ஸ், ஐக்சர் ஆகியோர் வைன் மவுன் கற்களையும் பிரெசெலியின் புள்ளியற்ற டாலரைட் முகடுகளையும் 62ஆம் கல்லையும் ஒப்பிட்டு 2022இல் முடிவை வெளியிட்டனர். வைன் மவுன் கற்கள், தென்மேற்கே 2.4 கி.மீ. அளவில் உள்ள கெரிக் லாட்ரோன் முகட்டோடு பொருந்தின. 62ஆம் கல்லோ கிழக்கு-தென்கிழக்கே 7 கி.மீ. அளவில் உள்ள கார்ன் தி வாக் முகட்டோடு பொருந்தியது. இரண்டும் இரு திசைகள். ஐங்கோணக் குழியையும் ஐங்கோணக் கல்லையும் இணைத்த கண்ணி அங்கே அறுந்தது. அக்கட்டுரையை எழுதியவர்களில் ஒருவராக மைக் பார்க்கர் பியர்சனும் கையொப்பமிட்டிருக்கிறார். தமது கருதுகோளின் நடுத்தூணைச் சாய்க்கும் அளவீட்டில் தாமே பங்கேற்று, அதைத் தம் பெயரோடு அச்சேற்றிய இந்த நடத்தையை நான் மனமார மதிக்கிறேன். முதல் அறிவிப்பைக் கொண்டாடிய செய்திகளின் வீச்சில் இதற்கு ஒரு சிறு பங்கும் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இந்த முடிவின் எல்லையையும் சொல்ல வேண்டும். இன்று அங்கே இருக்கும் கற்களின் ஊற்று கெரிக் லாட்ரோன் என்று அது காட்டுகிறது. அகற்றப்பட்ட கற்கள் அனைத்தும் அங்கிருந்தே வந்தன என்று அது நேரடியாகக் காட்டவில்லை. வைன் மவுனிலிருந்து எந்தக் கல்லும் ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போயிருக்கவே முடியாது என்று யாரும் நிரூபிக்கவுமில்லை. ஆனால் போனதாகச் சொல்வதற்கு இருந்த ஒரே குறிப்பான ஆதாரம் விலகிவிட்டதால், சுமை இப்போது அப்படிச் சொல்பவர்மேல்தான் இருக்கிறது.

ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்திலிருந்தும் படம் மாறியிருக்கிறது. நீலக்கற்கள் பிரெசெலியின் ஒரே முகட்டிலிருந்து வரவில்லை, பல முகடுகளிலிருந்து வந்தன என்பது நிலவியலாளர் அனைவரும் ஏற்பது. நடுவில் கிடக்கும் பலிபீடக் கல் வேல்ஸைச் சேர்ந்தது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2024 ஆகஸ்டில் வெளியான கனிம மணிகளின் வயதாய்வு அதன் ஊற்றை வடகிழக்கு ஸ்காட்லாந்தின் ஓர்கேடியன் படுகைக்கு, குறைந்தது 750 கி.மீ. அப்பால் கொண்டுபோய் நிறுத்தியது. பல நிலங்களிலிருந்து, ஒருவேளை பல காலங்களில், கற்கள் ஓரிடத்தில் வந்து கூடியிருக்கின்றன. அப்படியானால் ஒரே ஒரு மூலவட்டத்தைத் தேடும் கேள்வியே தளர்ந்துபோகிறது.

வைன் மவுனுக்கு உரியது

இனி அந்த மேட்டுநிலத்தை அதன் பொருட்டே பார்க்கலாம். டாலரைட் முகடுகள் பலவுள்ள நிலத்தில், 2 கி.மீ.க்கும் மேல் ஏற்ற இறக்கமுள்ள சதுப்பு வழியாகக் கற்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கெரிக் லாட்ரோன் முகட்டை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே இதன் பொருள். வசதியான கல் என்பதாலா, அந்த முகட்டுக்கு அவர்களிடம் ஒரு மதிப்பு இருந்ததாலா என்பது அங்கே தோண்டிப் பார்த்தால் ஓரளவு தெளியக்கூடிய கேள்வி. கார்ன் கொய்டோக்கிலும் கிரைக் ரோசவெலினிலும் சுரங்கத் தடயங்களுக்குச் செலவிட்ட கவனத்தில் ஒரு பகுதியாவது இம்முகட்டின் அடிவாரத்துக்குக் கிடைக்க வேண்டும். உடைத்தெடுத்த சில்லுகள், ஆப்புக்கற்கள், இழுத்துச் சென்ற தடம் ஆகியவை இருந்தால் அங்குதான் இருக்கும்.

அகற்றப்பட்ட கற்கள் எங்கே போயின என்பது இரண்டாவது கேள்வி. நெடுந்தொலைவு போயிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிரெசெலியில் பிற நெடுங்கற்களும், கோர்ஸ் வவுர் கல்வட்டம் போன்ற முழுமையான அமைப்புகளும் உள்ளன. பிற்கால வேளாண்மைச் சுவர்களிலும் வாயிற்கம்பங்களாகவும் பழங்கற்கள் பயன்படுவது மேற்கு பிரிட்டன் முழுவதும் பழகிய செயல். 62ஆம் கல்லுக்குப் பயன்பட்ட அதே கருவியை இவற்றின்மேல் வைத்து, கெரிக் லாட்ரோனின் தனிம விகிதம் எங்கெல்லாம் தென்படுகிறது என்று தேடுவது, பெரும் செலவின்றி, எந்தக் கல்லையும் சேதப்படுத்தாமல் செய்யக்கூடிய வேலை.

மூன்றாவது, 91ஆம் குழியில் கிடைத்த சில்லு. கல்லை நட்டபோதோ பெயர்த்தபோதோ உடைந்து விழுந்ததாகக் கருதப்படும் அது, அங்கே நின்ற கல்லுக்கு எஞ்சியிருக்கும் நேரடிச் சாட்சி. இனி வைன் மவுனைப் பற்றி எழுதுவோர் ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து தொடங்காமல் இத்தகைய சில்லுகளிலிருந்தும், வானில் கோடு கிழித்தாற்போல் தென்மேற்கே தெரியும் கெரிக் லாட்ரோன் முகட்டிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதே இந்த ஆய்வின் கோரிக்கை.